பழைய பிக்அப் வண்டியைப் புதுப்பித்தல்: திட்டமும் செலவும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். செலவு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாத காரியங்களுக்கு இவ்விரண்டையும் அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். அவர்கள் காலத்தில் மோட்டார் வண்டி பெருகியிருக்குமாயின், பழைய வண்டியைப் புதுப்பித்துப் பார் என்பதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள் என்று கூறினால் மிகையாகாது.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இவ்வெண்ணம் இரு வழிகளில் தோன்றுவதுண்டு. சொந்த ஊரில், தந்தையாரோ பாட்டனாரோ ஓட்டிய பிக்அப் வண்டி ஒன்று கொட்டகையில் நெடுங்காலமாக நிற்கும். வீட்டையும் நிலத்தையும் பாகம் பிரிக்கும் நாள் வரும்போது, அவ்வண்டியை இரும்புக் கடைக்கு எடை போட்டுக் கொடுப்பதா, நாம் இருக்கும் ஊருக்குக் கொண்டு வருவதா என்ற கேள்வி எழும். அல்லது, நாம் பிழைக்க வந்த ஊரிலேயே ஏதோ ஒரு தோட்டத்திலோ ஆலையிலோ ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் வண்டி கண்ணில் படும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மனம் ஆசைப்படும்.

ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஓர் உண்மையைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்த வேண்டும். புதுப்பிக்கத் தொடங்கிய வண்டிகளுள் பல, பாதியிலேயே நின்று விடுகின்றன. தொழில் அறிந்த கைகள் கிடைக்காமல் அவை நிற்பது சிறுபான்மை; செலவையும் வேலையின் வரிசையையும் முன்னதாக எண்ணிப் பாராமல் கழற்றத் தொடங்கியதால் நிற்பதே பெரும்பான்மை. ஒரு வண்டியைக் கழற்றுவதற்கு ஒரு வாரம் போதும். அதை மீண்டும் பூட்டுவதற்குப் பணமும் பொறுமையும் ஆண்டுக் கணக்கில் வேண்டும். இடையில் பணம் தீர்ந்தாலோ, வேலை மாற்றலாகி வேற்றூர் செல்ல நேர்ந்தாலோ, எஞ்சுவது உறுப்புகளின் குவியல்தான். கழற்றாமல் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் விலைகூட அக்குவியலுக்குக் கிடைப்பதில்லை. தந்தையின் நினைவாகக் காக்க எண்ணிய பொருளை நாமே அழித்தவர்களாகி விடுவோம். ஆகவே, முதல் திருகாணியில் கை வைக்கும் முன்னர் எழுத வேண்டிய கணக்கைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம்.

வண்டியின் பூர்வீகம்

செலவுக் கணக்கு வண்டியின் பூர்வீகத்திலிருந்து தொடங்குகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ஆம் ஆண்டில் மும்பையின் சேவ்ரிப் பகுதியில் தொழிற்சாலை அமைத்து, அயல்நாட்டிலிருந்து பகுதி பகுதியாக வந்த செவர்லே வண்டிகளை இணைத்து விற்றது. குர்லாவில் பிரீமியர் நிறுவனம் டாட்ஜ், ஃபார்கோ ஆகிய பெயர்களில் பார வண்டிகளை உருவாக்கியது. மகிந்திரா நிறுவனம் 1947 முதல் வில்லிஸ் ஜீப் வண்டிகளை இணைக்கத் தொடங்கியது. உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்யும் திட்டமில்லாமல், இணைக்கும் வேலையை மட்டும் செய்யும் நிறுவனங்கள் தொடர்ந்து இயங்கலாகாது என்று அரசினர் 1953-இல் முடிவு செய்யவே, ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் தன் வேலையை இங்கு நிறுத்திக் கொண்டது.

இவ்வரலாறு நம் கைப்பணத்தோடு நேரே தொடர்புடையது. ஜீப் வகை வண்டிகள் பல்லாண்டுகள் இந்நாட்டிலேயே செய்யப்பட்டு வந்தமையால், அவற்றின் உறுப்புகள் இன்றும் நம் சந்தைகளில் ஓரளவு கிடைக்கின்றன. செவர்லே வண்டிக்கோ, பல உறுப்புகளை அமெரிக்காவிலிருந்து தருவிக்க வேண்டும், அல்லது லேத்துப் பட்டறையில் புதிதாகக் கடைந்து கொள்ள வேண்டும். இரண்டு வண்டிகளும் ஒரே விலைக்குக் கிடைத்தாலும், முடிவில் ஆகும் செலவு ஒன்றாக இராது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு வண்டியை எடுத்துக் கொள்வோம். 1947-இல் அறிமுகமாகி 1955-இன் முற்பகுதி வரை உருவாக்கப்பட்ட செவர்லே 3100 என்னும் அரை டன் பிக்அப், உலகெங்கும் விரும்பிப் பேணப்படும் வண்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 116 அங்குலம். 1953 வரை வந்தவற்றில் ஆறு சிலிண்டர்கள் கொண்ட 216 கன அங்குல எஞ்சின் இருந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். 1954-இல் 235 கன அங்குல எஞ்சின் வந்தது.

ஒரே வடிவம் போலத் தோன்றினாலும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடுகள் உண்டு. 1950 வரை வந்த வண்டிகளின் பிரேக் அமைப்பு ஹக் என்னும் ஒரு வகை. 1951 முதல் பெண்டிக்ஸ் என்னும் வேறு வகை. கதவுக் கண்ணாடியின் முன்புறத்தில் காற்றுக்காகத் திறக்கும் சிறு முக்கோணக் கண்ணாடி 1951-இல் சேர்ந்தது. அழுத்தித் திறக்கும் கைப்பிடி 1952-இல் வந்தது. இரு துண்டாக இருந்த முன் கண்ணாடி 1954-இல் ஒரே கண்ணாடியாயிற்று. பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டு, வண்டி முதன்முதலாகப் பதிவான ஆண்டாக இருக்கலாம்; உருவான ஆண்டு அதற்கு முற்பட்டதாக இருக்கலாம். அடையாளங்களைக் கொண்டு ஆண்டை உறுதி செய்யாமல் உறுப்புகளுக்குப் பணம் அனுப்பினால், வந்து சேரும் பொருள் பொருந்தாது போகும்.

எதற்காகப் புதுப்பிக்கிறோம்?

அடுத்ததாக நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி இது. புதுப்பித்தல் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு நோக்கங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, வண்டி பழுதின்றி ஓட வேண்டும், பார்வைக்குத் துப்புரவாக இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எவ்வாறு இருந்ததோ அவ்வாறே எல்லா உறுப்புகளும் அமைய வேண்டும் என்பது. மூன்றாவது, கண்காட்சியில் வைத்துப் பரிசு பெறத்தக்க நிலையில் ஒவ்வொரு திருகாணியும் மின்ன வேண்டும் என்பது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும்போது செலவு படிப்படியாக உயர்வதில்லை. தாவித் தாவி உயர்கிறது. முதல் நோக்கத்துக்குரிய பணத்தை வைத்துக் கொண்டு மூன்றாம் நோக்கத்துக்குரிய வேலையைத் தொடங்குவதே பெருங்கேடு. எந்த நோக்கம் என்பதைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஒரே வாக்கியமாக எழுதி வைத்தல் நலம்.

ஆவணமே அடிப்படை

பட்டறைக்குச் செல்லும் முன் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவத்தில் பேணப்படும் சொந்த உபயோக வண்டிகளுக்கென மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் தனி விதிகளை வகுத்தது. இவ்விதிகளின்படி புதிதாகப் பதிவு செய்ய ரூ. 20,000, பின்னர் மறுபதிவு செய்ய ரூ. 5,000 எனக் கட்டணம் விதிக்கப்பட்டது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். முன்னரே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக் கொள்ளலாம். பழைய சென்னை மாநிலத்து ‘எம்’ எழுத்தில் தொடங்கும் எண்ணைத் தாங்கிய வண்டியை உடையவர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆயினும் மூன்று செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, இவ்வகையில் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தலாகாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே அது சாலையில் செல்லலாம். கடைக்குச் சரக்கு ஏற்ற எண்ணுவோர்க்கு இவ்வழி பொருந்தாது. இரண்டாவது, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றிய வண்டிக்கு இத்தகுதி இல்லை. பெட்ரோல் செலவைக் குறைக்கும் பொருட்டுப் பழைய எஞ்சினை அகற்றிப் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்திய வண்டிகள் நம் நாட்டில் மிகப் பல. ஆகவே பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, இவ்விதிகள் சொந்த உபயோக வண்டிகளைக் கருதியவை. பிக்அப் வண்டியோ பெரும்பாலும் சரக்கு வண்டி என்றே பதிவாகியிருக்கும். நம் வண்டி எந்த வகையில் பதிவாகியுள்ளது, அதற்கு இவ்விதி பொருந்துமா என்பதை ஒரு ரூபாய் செலவிடும் முன்னரே அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும்.

சங்கங்களில் சேர விரும்புவோர் மற்றொன்றையும் அறிதல் நலம். பன்னாட்டுப் பழைய வாகனச் சம்மேளனத்தின் வகைப்பாட்டில் ‘வின்டேஜ்’ என்னும் சொல் 1919 முதல் 1930 வரை உருவான வண்டிகளையே குறிக்கும். சட்டம் வின்டேஜ் என ஏற்கும் வண்டியைச் சங்கம் போருக்குப் பிந்தைய வண்டி என்று வகைப்படுத்தக் கூடும். இதனால் வண்டியின் பெருமை குறைந்து விடாது.

ஊரிலிருந்து வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டு வருவோர்க்கு இன்னொரு விதி உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்படுமாயின், அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அதற்குப் பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவை. பாட்டனார் பெயரிலேயே பதிவு இருக்குமாயின், வாரிசுச் சான்றும் உடன் பிறந்தோரின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். அவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் கூடும் பண்டிகை நாளிலேயே இக்கையொப்பங்களைப் பெற்று விடுவது சாலச் சிறந்தது.

டில்லி வட்டாரத்தில் வசிப்போர் மேலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் அங்கே ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலும் உச்ச நீதிமன்றம் 2018-இலும் ஆணையிட்டன. 2025-இல் இது குறித்துப் புதிய ஆணைகள் பிறந்தன. வண்டியைக் கொண்டு வரும் நாளில் எந்த ஆணை நடப்பில் உள்ளது என்பதை விசாரித்த பின்னரே லாரிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

சுவரும் சித்திரமும்

ஆவணம் செவ்வையாக இருக்குமாயின், வண்டியை ஆராயலாம். பெரும்பாலோர் எஞ்சின் ஓடுகிறதா என்றே முதலில் பார்க்கின்றனர். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது துருவை. எஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் அதன் செலவை ஒருவாறு மதிப்பிடலாம். துருவின் செலவோ, தகட்டை வெட்டித் திறந்த பின்னரே தெரியும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். அரித்துப் போன தகட்டின் மேல் பூசிய வர்ணம் ஓரிரு மழைக்காலத்துக்குமேல் தாங்காது.

செவர்லே 3100 வண்டியில் துரு ஏறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. ஓட்டுநர் அறையின் பின்புறக் கீழ் மூலைகள், கால் வைக்கும் தரை, கதவுக்குக் கீழுள்ள படிப்பகுதி, முன் கதவுத் தூணின் அடிப்பாகம், மேற்கூரையின் நீர்வடி விளிம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இதற்கு ஒரு காந்தமும் ஒரு திருப்புளியும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். திருப்புளியால் அழுத்தினால் உள்ளே இறங்கும் இடத்தை வெட்டி எறிந்து புதுத் தகடு வைக்க வேண்டும். அடிச்சட்டத்தில் விரிசல், பற்றவைத்த தழும்பு, வளைவு ஆகியவை உண்டா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற கடற்காற்று வீசும் ஊர்களில் வெளியே நின்ற வண்டிகளில் இச்சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்தல் வேண்டும்.

பிறகு எஞ்சின். நெடுநாள் நின்ற எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்ய முயலலாகாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊற வைத்து, கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று அறிக. சுழலுமாயின், ஆறு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து எழுத வேண்டும். ஒன்றுக்கொன்று பெருத்த வேறுபாடு இருப்பின், போரிங் வேலை வேண்டியிருக்கும்.

216 எஞ்சினுக்கு ஒரு தனிச் செலவு உண்டு. இக்கால எஞ்சின்களில் பேரிங் தேய்ந்தால், கடையில் வாங்கிய பேரிங் ஓட்டைக் கழற்றி மாற்றி விடலாம். 216-இன் இணைப்புத் தண்டுகளிலோ, பாபிட் என்னும் மென்மையான உலோகக் கலவையை உருக்கி நேரே வார்த்துக் கடைந்திருப்பார்கள். அவ்வேலை அறிந்த கைகள் இன்று அருகி வருகின்றன. நாம் இருக்கும் ஊரில் பாபிட் வார்க்கும் பட்டறை உண்டா, இல்லையேல் எஞ்சினை எவ்வூருக்கு அனுப்ப வேண்டும் என்பதை முதலில் விசாரித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1954-இன் 235 எஞ்சினில் மாற்றக்கூடிய பேரிங் ஓடுகளும் எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தும் அமைப்பும் இருப்பதால், இத்தொல்லை குறைவு.

எரிபொருளும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. 2025-இல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. அக்கால ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்பின் உள்தோலும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவை இளகிக் கசிந்தால் தீ விபத்து நேரும். ஆகவே எத்தனால் தாங்கும் குழாய்களையும் தோலையும் தொடக்கத்திலேயே கணக்கில் எழுத வேண்டும். சிலிண்டர் தலையைக் கழற்றும்போதே வால்வு இருக்கைகளைக் கடினப்படுத்திய உலோகத்தால் அமைத்துக் கொள்ளலாம்.

நூறு பங்குக் கணக்கு

இப்போது செலவுத் திட்டத்துக்கு வருவோம். ‘இவ்வண்டிக்கு எவ்வளவு ஆகும்?’ என்று பட்டறையில் கேட்பது முதற்கேள்வி ஆகாது. ‘என்னால் எவ்வளவு இயலும்?’ என்று வீட்டில் கேட்டுக் கொள்வதே முதற்கேள்வி. குடும்பச் செலவு, பிள்ளைகளின் கல்வி, ஊருக்குச் சென்று வரும் செலவு ஆகியவை போக மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று கணவனும் மனைவியும் கூடி முடிவு செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மாதம் ரூ. 15,000 ஒதுக்க இயலும் என்றும், மொத்த உச்சவரம்பு ரூ. 6,00,000 என்றும் கொள்வோம். இது சந்தை விலை அன்று. கணக்கிடும் முறையை விளக்க எடுத்த தொகையே. வண்டியின் விலையும் இதில் சேராது. இத்தொகை முழுதும் சேர 40 மாதங்கள் ஆகும். அப்படியானால் 40 மாதங்களும் வண்டி நிற்க இடம் வேண்டும். மாதம் ரூ. 1,500 வாடகை என்றாலும் அதற்கே ரூ. 60,000 ஆகிறது, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இச்செலவைப் பெரும்பாலோர் எழுதவே மறக்கின்றனர்.

மொத்தத்தை நூறு பங்காகக் கொண்டால், 20 பங்கை முதலிலேயே தனியே எடுத்து வைத்து விட வேண்டும். அது காப்புத் தொகை. எஞ்சிய 80 பங்கை இவ்வாறு பிரிக்கலாம்: இடம், ஆவணம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 17; தகட்டு வேலைக்கும் அடிச்சட்டத்துக்கும் 22; எஞ்சின், கிளட்ச், கியர் ஆகியவற்றுக்கு 19; பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங் பட்டை, சக்கரம், டயர் ஆகியவற்றுக்கு 9; வயரிங், எரிபொருள் அமைப்பு, ரேடியேட்டர் ஆகியவற்றுக்கு 4; வர்ணத்துக்கு 6; இருக்கை, கண்ணாடி, சரக்குப் பெட்டியின் மரத்தரை ஆகியவற்றுக்கு 3. நம் எடுத்துக்காட்டில் தகட்டு வேலைக்கு ரூ. 1,32,000; காப்புத் தொகை ரூ. 1,20,000. வண்டிக்கு வண்டி இப்பங்குகள் மாறும். உடல் நன்றாயிருந்து எஞ்சின் கெட்டிருப்பின் அதற்கேற்ப மாற்றிக் கொள்ளலாம். மாற்றலாகாதது காப்புத் தொகை ஒன்றே.

காப்புத் தொகையை எதற்குத் தொடலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். தகட்டைத் திறந்தபின் வெளிப்பட்ட துரு, கடைந்தபின் தெரிந்த சிலிண்டர் விரிசல் போன்ற, முன்பு காண இயலாதிருந்த குறைகளுக்கு மட்டுமே அது உரியது. இன்னும் நல்ல இருக்கைத் தோல், இன்னும் பளபளப்பான பம்பர் என்று மனம் விரும்பியவற்றுக்கு அன்று. குறிப்பேட்டில் எண்ணிய செலவு, ஆன செலவு, மீதி என்று மூன்று பத்திகள் போட்டு, மாதந்தோறும் ஒருநாள் உட்கார்ந்து எழுத வேண்டும். தகட்டு வேலை முடிவதற்குள்ளேயே காப்புத் தொகையில் பாதி கரைந்து விட்டால், நோக்கத்தை ஒரு படி இறக்கிக் கொள்ள வேண்டும். கண்காட்சி வண்டி என்ற எண்ணத்தை விட்டு, ஓடும் வண்டி என்ற அளவில் முடிப்பது தோல்வி ஆகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். புதுப்பிக்க ஆகும் செலவு, புதுப்பித்த வண்டியின் விற்பனை விலையைக் கடந்து விடுவது சாதாரணம். இதை முதலீடு என்று எண்ணித் தொடங்குவோர் ஏமாற்றம் அடைவர். இது அன்புக்கு நாம் கொடுக்கும் விலை. அவ்விலையை அறிந்து கொடுப்பவர்க்கு மனக்குறை இராது.

உறுப்புகள் தேடுதல்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்னும் பழமொழி அயல்நாட்டு உறுப்புகளுக்கு முற்றும் பொருந்தும். செவர்லே 3100-க்கு வேண்டிய உறுப்புகள் பலவும் அமெரிக்காவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஆனால் விலைப்பட்டியலில் காணும் தொகை நாம் கொடுக்கும் தொகை ஆகாது. பெட்டி கட்டும் கூலி, கப்பல் அல்லது விமானக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேர்ந்த மொத்த மதிப்பின் மீதே சுங்க வரி கணக்கிடப்படுகிறது. கதவு, மட்கார்டு போன்ற பருமனான தகடுகளுக்குக் கட்டணமே பொருளின் விலையை எட்டிவிடக் கூடும். ஆகவே சிறியதும் இங்குச் செய்ய அரியதுமான பொருள்களை, அதாவது பிரேக் ரப்பர்கள், கார்புரேட்டர் உறுப்புகள், கண்ணாடி ரப்பர்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு ஒரே பெட்டியாகத் தருவிப்பதும், தகட்டு வேலையை இங்குள்ள கைகளால் செய்து கொள்வதும் சிக்கனமாகும்.

நம்மவர் வாழும் பெருநகரங்கள் ஒவ்வொன்றிலும் பழைய மோட்டார் உறுப்புகளுக்குப் பெயர் பெற்ற கடைத்தெருக்கள் உண்டு. டில்லியில் காஷ்மீரி கேட்டும் மாயாபுரியும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரும், மும்பையில் குர்லாவும் சோர் பஜாரும், பெங்களூருவில் ஜே.சி. சாலையும், சென்னையில் புதுப்பேட்டையும் அத்தகையவை. பழைய உறுப்பைக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்க வேண்டும். சில உறுப்புகளுக்கு வேறு வண்டியின் பொருளே பொருந்தும். 6.00-16 என்னும் டயர் அளவு நம் நாட்டு ஜீப்புக்கும் உரியதாகையால், 16 அங்குலச் சக்கரமுள்ள பிக்அப் வண்டிக்கு அதைக் கடல் கடந்து தருவிக்க வேண்டிய தேவையில்லை. சரக்குப் பெட்டியின் தரை மரப்பலகைகளால் ஆனது. உள்ளூர்த் தச்சரே அதை அழகுறச் செய்து தருவார்.

பேச்சிலும் சிறிது கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் டிங்கரிங் என்று நாம் சொல்லும் தகட்டு வேலையை வடநாட்டில் டென்டிங் என்பர். நாம் மெக்கானிக் என்பவரை அங்கே மிஸ்திரி என்றழைப்பர். பேசி முடித்த வேலையை அவர்கள் மொழியிலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லி, வேறொருவரைக் கொண்டு படித்துக் கேட்டுக் கையொப்பம் பெற்றால் பின்னால் வழக்கு எழாது. தகட்டு வேலைக்கு இவ்வளவு, எஞ்சின் வேலைக்கு இவ்வளவு என்று பகுதி பகுதியாகப் பேசி, ஒரு பகுதி முடிந்தபின் அதற்குரிய பணத்தைக் கொடுப்பதே முறை. முழுத் தொகையும் முன்பணமாகப் போன வண்டி பட்டறையின் மூலைக்குப் போய்விடும்.

வேலையின் வரிசை

மாற்றலுக்கு உட்பட்ட உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். எந்த நிலையிலும் வண்டி உருளக் கூடியதாக இருக்க வேண்டும். இதற்காகவே சக்கரம், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவற்றை முதலில் சீராக்க வேண்டும். அவை சீரானால், நாளையே மாற்றல் உத்தரவு வந்தாலும் வண்டியைத் தள்ளி லாரியில் ஏற்றிவிடலாம். அதன்பின் அடிச்சட்டமும் தகடும், அதன்பின் எஞ்சினும் கியரும், பிறகு வயரிங், கடைசியாக வர்ணமும் இருக்கையும். இவ்வண்டியின் மின்சாரம் 6 வோல்ட் ஆகையால், தடித்த வயர்களும் துருவற்ற எர்த் இணைப்புகளும் இன்றியமையாதவை. வர்ணத்தை முதலில் பூசிவிட்டு எஞ்சினை இறக்க முற்படுவோர், அவ்வர்ணத்துக்கு இரண்டாம் முறையும் பணம் கொடுப்பர்.

ஒரு பகுதியைக் கழற்றினால் அதைச் செப்பனிட்டுப் பூட்டிய பின்னரே அடுத்ததைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் படம் எடுத்துக் கொள்க. திருகாணிகளைத் தனித்தனி டப்பாக்களில் இட்டு, எப்பகுதிக்கு உரியவை என்று எழுதி ஒட்டுக. 40 மாதங்களுக்குப் பின் நினைவு உதவாது, எழுத்து உதவும்.

இவ்வளவு கணக்கும் பார்த்தபின், இது நமக்கு இயலாது என்று தெரிய வருமாயின், அதுவும் நல்ல முடிவே. அப்போது வண்டியைக் கழற்றாமல் முழுமையாக, ஆவணங்களோடு, அதைப் பேண வல்ல ஒருவரிடம் ஒப்படைக்கலாம். முழு வண்டியாகச் சென்றால் அது என்றேனும் ஒருநாள் மீண்டும் சாலையில் ஓடும். இயலும் என்று தெரிந்தால், துணிந்து தொடங்கலாம். ஒரு குறிப்பேடு, ஓர் எழுதுகோல், ஒரு காந்தம், ஒரு திருப்புளி ஆகிய நான்கும் முதல் மாதத்துக்குப் போதும். ஸ்பானரை இரண்டாம் மாதத்தில் எடுத்தால் போதுமானது.